வேரடியில் தொடங்கும் காவல்: புறநகர் வீட்டு மரங்களும் புயலும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. நகரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிண்டி தேசியப் பூங்காவும் நிழலிழந்து வெளிச்சமாகிப் போயின. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் குடியிருப்புகளில் மரங்கள் மதில்மேலும் கார்மேலும் மின்கம்பிமேலும் சாய்ந்து கிடந்தன. அடுத்து வந்த வாரங்களில் இன்னொரு இழப்பும் நேர்ந்தது. புயலில் அசையாமல் நின்ற மரங்களைக்கூட, அடுத்த முறை விழுந்துவிடும் என்ற பயத்தில் வீட்டுக்காரர்கள் வெட்டச் சொன்னார்கள். அப்படிப் போனவை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

விழுந்த மரம் ஏன் விழுந்தது, நிற்கிற மரம் நிலைக்குமா, முதிர்ந்த மரத்தை எதுவரை வைத்துக்கொள்ளலாம், காயம்பட்டதை எப்படிப் பேணுவது? ஐப்பசி பிறந்துவிட்டால் மரம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்விகள் இவை. பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தே இதற்கு விடை தேடுகிறோம். கிளை எவ்வளவு நீண்டிருக்கிறது, மொட்டைமாடியை உரசுகிறதா என்பதே பேச்சு. விடையின் பெரும்பகுதி கீழே, அடிமரம் மண்ணுக்குள் இறங்கும் அந்த ஒரு முழ இடத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

புறநகர் மரங்களின் வயதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1970களிலும் 80களிலும் வயலும் ஏரிக்கரையுமாக இருந்த இடங்கள் மனைகளாகப் பிரிந்தன. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி வாங்கி வீடு கட்டியவர்கள் கிரகப்பிரவேசத்தோடு ஒரு வேம்பும் இரண்டு தென்னையும் ஒரு மாங்கன்றும் வைத்தார்கள். அந்தக் கன்றுகளுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. வேம்புக்கும் மாவுக்கும் அது நடுவயதுதான். நல்ல மண்ணில் நூறாண்டைத் தாண்டுபவை அவை. நெட்டைத் தென்னைக்கு அறுபது, எண்பது ஆண்டு ஆயுள் உண்டு. தெருவோரத்தில் அழகுக்காக வைத்த குல்மொஹரோ அந்த வயதில் கிழமாகிவிடும். ஆகவே “பழைய மரம்” என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைத்துத் தீர்ப்புச் சொல்வதில் பொருளில்லை.

மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது, அதன் உயரத்துக்குச் சமமாகக் கீழே இறங்குகிறது என்று நம்மில் பலர் நம்புகிறோம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் இரண்டடிக்குள்ளேயே பரவுகின்றன. கிளைவட்டத்தைத் தாண்டி வெகுதூரம் ஓடுகின்றன. குத்துவிளக்கை அதன் அகன்ற அடித்தட்டு நிறுத்திவைப்பதுபோல, பக்கவாட்டில் விரிந்த இந்த வேர்த்தட்டுதான் மரத்தை நிறுத்துகிறது. அந்தத் தட்டுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். காம்பவுண்டுச் சுவருக்கு அடித்தளம் தோண்டியபோது ஒரு பக்க வேர் போனது. கழிவுநீர்த் தொட்டிக்கு இன்னொரு பக்கம். தெருவில் மழைநீர் வடிகால் வந்தபோது பொக்லைன் இயந்திரம் சாலைப்பக்கத்து வேரை ஒரே நேர்க்கோட்டில் அறுத்துக்கொண்டு போனது. மீதி இடத்தில் சேறாகக் கூடாது என்று பேவர் பிளாக் பதித்தோம். மரம் பச்சையாகத்தான் நின்றது, ஆண்டுதோறும் பூத்தது. காற்று வந்த நாளில் வேரில்லாத பக்கம் தூக்கிக்கொண்டது.

இவற்றையெல்லாம்விடச் சென்னைப் புறநகருக்கே உரிய ஒரு கேடு உண்டு. அது மண் கொட்டி மேடாக்குவது. சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்கிறது, வீடு பள்ளமாகிறது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதைப் பார்த்தவர்கள் வீட்டைச் சுற்றி லோடு லோடாக மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி உயர்த்தினார்கள். வெள்ளத்துக்கு அது தற்காப்புதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மரத்தைச் சுற்றியும் அதே மண் இரண்டடி, மூன்றடி ஏறியது. வேர் மூச்சுவிட வேண்டும். மேல்மண்ணின் இடைவெளிகளில் உள்ள காற்றைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. அந்த வழி அடைபட்டது. அடிமரத்துப் பட்டை எப்போதும் ஈரமண்ணில் கிடக்கும்படி அமைந்ததல்ல. புதைந்த பட்டை மெல்ல அழுகுகிறது, பூஞ்சை ஏறுகிறது. இதெல்லாம் ஐந்தாறு ஆண்டு எடுத்துக்கொள்வதால், மரம் பட்டுப்போகும்போது மண் கொட்டிய நாளை யாரும் நினைப்பதில்லை.

உங்கள் வீட்டு மரத்துக்கு இது நேர்ந்திருக்கிறதா என்று அறிய அடிமரத்தைப் பார்த்தாலே போதும். நலமான மரம் தரையைத் தொடுமிடத்தில் அகலும். வேர்கள் புடைத்து நாலா பக்கமும் பிரிவது தெரியும். நட்டுவைத்த கம்பம்போல் நேராக மண்ணுக்குள் இறங்கினால் அடி புதைந்திருக்கிறது. பரிகாரம் எளிது, பொறுமைதான் தேவை. அடியைச் சுற்றி மூன்று நான்கடி தூரத்துக்கு ஏற்றிய மண்ணைக் கையாலும் சிறு கொத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வேர் பிரியும் இடத்தை வெளியே கொண்டுவர வேண்டும். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் வேர் வெட்டுப்படும். எடுத்த மண் திரும்பச் சரியாதபடி ஒரு செங்கல் வரிசை வைக்கலாம். பேவர் பிளாக்கும் சிமென்டும் குறைந்தது ஒரு மீட்டர் விலகியிருக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் காங்கிரீட்டை அகற்றச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

தேங்கும் நீரையும் மறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. சென்னைக்கு அது தந்தது மழையும் நாட்கணக்கில் வடியாத நீரும். ஊறிய மண்ணில் வேரின் பிடி தளரும். வர்தாவின் காற்றில் கால்பங்கு அடித்தாலே ஏற்கெனவே வேரிழந்த மரம் சாய்ந்துவிடும். தோட்டத்து நீர் எங்கே வடிகிறது என்பதும் மரப் பராமரிப்பில் சேர்ந்ததே.

வர்தாவுக்குப் பின் எழுந்த பெரிய விவாதம் நாட்டு மரமா, அயல் மரமா என்பது. குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரம் மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இவை விரைவில் வளர்ந்து பெருங்கவிகையாக விரியும். அந்தக் கவிகை காற்றை முழுதாக வாங்கும். கடற்கரை மண்ணில் பழகிய புன்னையும் பூவரசும் மகிழமும் மெதுவாக வளர்ந்து கட்டை இறுகியவை. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, இனி நடுவதற்கு அது நல்ல வழிகாட்டி. ஆனால் வேம்பும் புங்கனும்கூடத்தான் ஏராளமாக விழுந்தன. வேர் வெட்டுப்பட்ட நாட்டு மரத்தைவிட, விரிந்த மண்ணில் நிற்கும் தூங்குமூஞ்சி உறுதியானது. பிளாஸ்டிக் பையில் நெடுநாள் வைத்திருந்து, சுருண்ட வேரோடு சின்னக் குழியில் நட்ட கன்று எந்த நாட்டினதாக இருந்தாலும் பின்னாளில் எளிதாகச் சாயும். பிறந்த நாட்டைச் சொல்லி நிற்கிற மரத்தை வெட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

முதுமைக்கு வருவோம். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் ஊன்றி மரம் இன்றும் நிற்கிறது. கொல்கத்தாவை அடுத்த ஹௌராவின் தாவரவியல் தோட்டத்து ஆல் 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் அடிபட்டு, காயத்தின் வழியே பூஞ்சை ஏறி, 1925இல் தாய்மரம் முழுதும் அகற்றப்பட்டது. அதன்பின் அது இன்னும் பரந்திருக்கிறது. எல்லா மரத்துக்கும் விழுது கிடையாது. ஆனாலும் அடிபட்ட மரம், பொந்து விழுந்த மரம் என்பதாலேயே அதன் காலம் முடிந்துவிடவில்லை என்பதற்கு இவை சாட்சி.

பொந்தைப் பற்றிய அறிவு கடந்த ஐம்பது ஆண்டில்தான் தெளிவானது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மரத்துக்குக் காயம் ஆறுவதே இல்லை என்று 1970களில் நிறுவினார். மனிதத் தோல்போல் பழைய திசுவை அது புதுப்பித்துக்கொள்வதில்லை. காயத்தைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி, அழுகலை உள்ளே பூட்டிவிட்டு, வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொள்கிறது. எனவே பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து செங்கல்லும் சிமென்டும் அடைக்கும் நம்மூர் வழக்கம் கெடுதலானது. சுரண்டும்போது அந்தத் தடுப்பு உடைகிறது. மரம் ஆடும்போது ஆடாத சிமென்டு உள்ளே உராய்கிறது, ஈரத்தையும் தேக்குகிறது. பொந்தை அப்படியே விடுவதே நல்லது. எவ்வளவு பொந்து தாங்கும் என்பதற்கு ஜெர்மனியின் கிளாவுஸ் மத்தேக் தந்த அளவுகோல் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. சுற்றிலும் உள்ள நல்ல கட்டையின் தடிமன், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் மரம் பொதுவாகத் தாங்கும். ஒரு பக்கம் திறந்த பொந்துக்கு இந்தக் கணக்கு போதாது. மரச்சுத்தியால் தட்டிப் பார்த்தால் உள்ளீடற்ற இடத்தில் ஓசை மாறுவது அனுபவமில்லாத காதுக்கும் கேட்கும்.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. அடிமரத்திலோ வேரிலோ தட்டுத்தட்டாக முளைக்கும் கடினமான காளான், உள்ளே அழுகல் முற்றிவிட்டதைச் சொல்கிறது. சாய்வின் எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்தோ மேலெழும்பியோ இருந்தால் வேர்த்தட்டு நகரத் தொடங்கிவிட்டது. அன்றே ஆளைக் கூப்பிட வேண்டும். பல ஆண்டாகச் சாய்ந்தே வளர்ந்து நுனி நிமிர்ந்த மரம் ஆபத்தில்லை, நேற்றுவரை நேராக இருந்து இன்று சாய்ந்த மரம் ஆபத்து. இரண்டு பெருங்கிளைகள் குறுகிய கோணத்தில் ஒட்டிப் பிரியும் கவட்டையில் பட்டை உள்மடிந்திருந்தால் அந்த இடம் பிளக்கும். மாவின் அடியில் மரத்தூள்போல் உதிர்ந்தால் தண்டுதுளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. மேலே நுனிக்கிளைகள் பட்டுக்கொண்டே வருவது, திரும்பவும், வேரின் துன்பம்.

தென்னைக்குத் தனிக் கணக்கு. அது கிளைவிடாத, பட்டை வளர்ந்து காயத்தை மூடாத மரம். ஏறுவதற்கென்று வெட்டும் ஒவ்வொரு படியும் கடைசிவரை திறந்தே இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தோப்புகளைச் சாய்த்தபின், நின்ற தென்னைகளிலும் குருத்துத் திருகியவை பல. குருத்து உறுதியாக நின்றால் மரம் பிழைக்கும். நடுமட்டைகள் தொங்கினாலும் பொறுத்திருக்கலாம். குருத்தே அழுகி, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் நம்பிக்கை குறைவு. புயல் காயத்தின் வாடை பிடித்துச் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட வரும் என்பதால் அடுத்த சில மாதம் கவனிக்க வேண்டும். அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிந்தால் அது தஞ்சை வாடல் நோய். வீட்டை ஒட்டி நிற்கும் மரமாக இருந்தால் முற்றுவதற்குள் எடுத்துவிடுவதே சரி. மழைக்கு முன் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்குவது அவசியம். பச்சை மட்டைகளையும் சேர்த்துக் கழித்து, உச்சியில் நாலு மட்டையோடு விடுவது மரத்தைப் பட்டினி போடுவதாகும்.

இனிக் கழிப்பது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது நம் பழமொழி, முருங்கைக்கு அது சரி. அந்த நியாயத்தை வேம்புக்கும் புங்கனுக்கும் நீட்டியதில்தான் கேடு. புயல் எச்சரிக்கை வந்ததும் அவசரமாகத் தலையை மொட்டையடிக்கிறோம். வெட்டிய இடத்துக்குக் கீழே கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மரத்தின் உள்கட்டையிலிருந்து வருபவை அல்ல. மேல்பட்டையை ஒட்டி எழுபவை. நாலைந்து ஆண்டில் அவை கனத்து, பிடிப்பில்லாமல், முன்னைவிட எளிதாக முறியும். இதற்கிடையில் பெரிய வெட்டுவாயின் வழியே அழுகல் அடிமரத்துக்கு இறங்கியிருக்கும். மின்கம்பிக்காகச் சாலைப்பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போவதும் இப்படித்தான். எஞ்சிய பாரம் முழுதும் வீட்டுப்பக்கம் சாய்கிறது.

சரியான முறையை வேலைக்கு வருபவரிடம் நாமே சொல்ல முடியும். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்றே தடித்த வளையம்போல் ஒரு மேடு தெரியும். வெட்டு அதற்கு வெளியே, அதை ஒட்டி விழ வேண்டும். உள்ளே வெட்டினால் தடுப்பு போகும், வெகுவாக வெளியே வெட்டினால் முளை காய்ந்து அழுகும். கனத்த கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும்: முதலில் ஓரடி தள்ளி அடிப்பக்கத்தில் பாதி, பிறகு அதற்கும் சற்று வெளியே மேலிருந்து, கடைசியில் எஞ்சிய துண்டை வளையத்தருகே. ஒரே வெட்டில் எடுத்தால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு போகும். ஓராண்டில் கவிகையின் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, முதிர்ந்த மரத்தில் அதனினும் குறைவாகவே. காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, பிளந்தவை ஆகியவற்றை எடுத்தாலே காற்று ஊடுருவ இடம் கிடைக்கும். காலம் ஆனி முதல் ஆவணி வரை. மாவுக்கு அறுவடை முடிந்தவுடன். வெட்டுவாயில் தாரும் பெயின்ட்டும் பூசுவதால் பயனில்லை. தோட்டக்கலையினர் மாவுக்குச் சொல்லும் போர்டோ பசையைப் பெரிய வெட்டுகளில் மழைக்காலத்தில் தடவலாம், அது பூஞ்சையைத் தடுக்கும் மருந்து.

புயல் ஓய்ந்த காலையில் முதல் வேலை மரம் அல்ல, கம்பி. மின்கம்பியில் கிடக்கும் கிளையையும் அந்தக் கம்பி தொடும் வேலியையும் நீர்க்குட்டையையும் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததாகச் சொல்லும்வரை நெருங்கக் கூடாது. சென்னை மாநகராட்சியின் 1913 உதவி எண்ணுக்கும் மின்வாரியத்தின் ‘மின்னகம்’ சேவை மையத்துக்கும் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வளைந்து சிக்கிய கிளையை அறுத்தால் அது விசையோடு தெறிக்கும். ஏணியில் நின்றுகொண்டு இயந்திர ரம்பம் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். ஆபத்தானதை மட்டும் அன்று எடுத்தால் போதும். மற்றவற்றுக்குக் காலம் கொடுங்கள். வர்தாவுக்குப் பின் இலை முழுதும் உதிர்ந்து, கருகியதுபோல் நின்ற மரங்கள் பல கோடைக்குள் தழைத்தன. சிறு கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. சாய்ந்தது கைப்பிடிக்குள் அடங்கும் இளமரமாக இருந்தால் ஓரிரு நாளுக்குள் நிமிர்த்தி, வேரை மண்ணால் மூடி, இரண்டு மூன்று முளையடித்துப் பட்டைத்துணியால் தளர்வாகக் கட்டலாம். கம்பியால் கட்டினால் கழுத்தை அறுக்கும். பெரிய மரம் வேரோடு சாய்ந்துவிட்டால், வீட்டருகே அதைத் திரும்ப நிறுத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அறுந்த வேர் பழைய பிடிப்பைத் தராது.

மரம் வெட்ட வருபவரின் கணக்கையும் புரிந்துகொள்ள வேண்டும். “கூலி வேண்டாம், மரத்தைத் தந்துவிடுங்கள்” என்று சொல்பவருக்கு அடிமரம் விழுந்தால்தான் வருமானம். இந்த மரத்தை வைத்திருக்கலாம் என்று அவர் எப்படிச் சொல்வார்? மதிப்பிடுபவர் ஒருவராகவும் வெட்டுபவர் வேறாகவும் இருப்பதே பாதுகாப்பு. தோட்டக்கலை, வனத்துறைகளில் பணியாற்றியவர்களும், சென்னையின் ‘நிழல்’ போன்ற மர ஆர்வலர் அமைப்புகளும் இங்கே உதவக்கூடும். ஏறுபவருக்குக் கயிறும் தலைக்கவசமும் உண்டா என்று கேட்பது நம் கடமை. அவர் உயிர் நம் வீட்டு மரத்தில் தொங்குகிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். கர்நாடகத்தில் 1976 முதலும் தில்லியில் 1994 முதலும் தனியார் மரங்களையும் தழுவும் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் உண்டு. தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டுச் சட்டம் மலைப்பகுதிகளுக்கானது. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக்குழுவின் ஒப்புதல் வேண்டும். சந்தனம் உங்கள் மனையிலேயே நின்றாலும் வனத்துறை அனுமதியின்றித் தொடக் கூடாது. பக்கத்து வீட்டு மரம் உங்கள்மேல் விழும் நிலையிலிருந்து, பேசியும் பலனில்லை என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு இதுதான். 2021 முதல் விற்கப்படும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டில் புயலால் வரும் சேதமும் மரம் விழுந்து வரும் சேதமும் அடங்கும். கிளைகளை அகற்றும் முன் படம் எடுத்துவைப்பது நல்லது.

எடுத்தே தீர வேண்டிய மரத்துக்கு ஈடு நடும்போது இடத்தை முதலில் பாருங்கள். ஒரு கிரவுண்டு மனையில் சுவரிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி ஒரு பெரிய மரத்துக்குத்தான் இடமுண்டு. புங்கனோ மகிழமோ அதற்கு ஏற்றது. மற்ற மூலைகளுக்கு நெல்லி, பவழமல்லி, கறிவேப்பிலை போதும். பையைக் கிழித்ததும் சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு நடுங்கள்.

இதையெல்லாம் தனி வீடாகச் செய்வது செலவு. தெருவாகச் செய்தால் முடியும். குடியிருப்போர் நலச்சங்கங்கள் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் மனு எழுதுவதுபோல், தெருவின் மரங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்க வேண்டும்: எந்த மரம், என்ன வயது, எப்போது வேர் வெட்டுப்பட்டது, எப்போது கழித்தோம். ஆடியில் ஒரு நாள் பயிற்சியுள்ள ஒருவரோடு தெருவைச் சுற்றிவாருங்கள். ஐப்பசிக்கு முன் செய்ய வேண்டியதை அந்த ஒரு நாளே சொல்லிவிடும். வடிகால் தோண்ட இயந்திரம் வரும் நாளில் சங்கத்திலிருந்து ஒருவர் மரத்தடியில் நின்று, வேரைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.